படம் வரையுமுன்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வீடு கட்ட எண்ணுபவர் முதலில் நிலையம் பார்க்கிறார். அடுத்து நாள் பார்க்கிறார். அதன்பின் மேசனைப் பார்க்கிறார். நீர், வெயில், மரம் பற்றிய கேள்வி எழுவதோ, எழுந்தால், படம் பிரதேச சபைக்குப் போன பின்னர்தான். கல்லும் மணலும் வளவில் இறங்கிவிட்ட அந்நேரத்தில், சுவரைத் திருப்பு என்று எந்த அதிகாரி சொல்வார்? சொன்னாலும் யார் கேட்பார்?

நமது யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில் ஓடுவதே. நாம் குடிப்பது சுண்ணக்கல்லின் வெடிப்புகளுள் தேங்கிய மழைநீர். அந்நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து கிடக்கிறது. மழை இறங்கும் அதே வெடிப்பின் வழியே மலசலகூடக் குழியின் கழிவும் இறங்கும். கல்வெடிப்பு அதை மணலைப்போல் வடித்துத் தராது. இரண்டு பரப்புக் காணியின் நடுவில் வீட்டை வைத்துவிட்டால், கிணற்றுக்கும் குழிக்கும் இடையே மிஞ்சும் தூரம் எவ்வளவு? நமது குழியை நமது கிணற்றுக்குத் தூரமாக வைக்கிறோம் என்று மதிலோரம் கொண்டுபோகிறோம். மதிலுக்கு அப்பால் அயலவரின் கிணறு! ஆகையால் கிணறும் குழியும் முதலிற் குறிக்கப்பட வேண்டும். அறைகள் பின்னர் வரலாம்.

வெயிலும் இவ்வாறே. மேற்கு நோக்கிய நீண்ட சுவர் பின்னேர வெயிலைக் குடித்து இரவிலே கக்கும். நீண்ட பக்கங்களை வடக்கும் தெற்குமாக வைத்து, சோளகத்துக்கு வழிவிட்டால் செலவொன்றும் கூடாது. நாற்சார் வீட்டின் முற்றமும் தாழ்வாரமும் இத்தகைய அறிவின் பயனே. பழையதெல்லாம் நன்று என்பவனல்லன் நான். அவ்வீடுகளின் உள்ளறைகள் பல இருட்டறைகளே.

பெரிய கட்டடத்துக்கு ஓர் உதாரணம். 1991ஆம் ஆண்டளவில் சிகிரியாக் குன்றருகே விடுதி அமைக்க அழைக்கப்பட்ட கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா, அவ்விடம் ஆகாதென்று கண்டலமக் குளத்தருகே வேறிடம் தேர்ந்தார். கட்டடம் பாறையை ஒட்டித் தூண்களின்மேல் நிற்கிறது. மழைநீர் அடியால் ஓடுகிறது. குளநீர் கெடுமென்று அதற்கும் எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் இடத்தையே மாற்றும் வாய்ப்பு, கோடு வரையுமுன்னர் மாத்திரமே இருந்தது.

1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச்சட்டம் கட்டடப் படத்துக்கு அனுமதி கேட்கிறது. 1988இல் வந்த சுற்றாடற் சட்டத் திருத்தம் பெருந்திட்டங்களுக்குச் சூழல் தாக்க மதிப்பீட்டை விதித்தது. இரண்டு பரப்பு வீடு அதனுள் அகப்படாது. நம்மூர் வீடுகளோ பெரும்பாலும் அத்தகையன. ஆகவே, முழுப் படத்துக்கு முன்னரே அயற் கிணறுகள், மரங்கள், வெள்ளம் ஓடும் சரிவு ஆகியன குறித்த ஒரு கைப்படத்தைச் சபை பார்த்து ஆலோசனை கூறினாலென்ன? இதைச் சபையாரிடம் எடுத்துச் சொல்லப் பெரியோர்களால் முடியும். என் போன்றோர் போனால் வாங்கில் இருக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

நமது வாசிகசாலைக்கு இன்னும் படம் வரையப்படவில்லை. மேற்கு மூலை வேம்பைத் தறித்தால் மண்டபம் பத்தடி நீளும் என்கிறார்கள். தறிக்குமுன் பின்னேரம் மூன்று மணிக்கு அங்கே ஒருமுறை நின்று பாருங்கள். கூரை 1,000 சதுர அடியானால் ஓரங்குல மழைக்கு ஏறத்தாழ 2,360 லீற்றர் நீர் விழும். அதைத் தெருவுக்கு விடுவதா, வடித்து நிலத்துள் இறக்குவதா என்பதையும் அந்தப் படமே தீர்மானிக்கும். அடுத்த கூட்டத்துக்குள் வளவை அளந்து, சுற்றியுள்ள கிணறுகளையும் குறித்துக் கொண்டுவர நானும் தோழர் இருவரும் ஆயத்தமாயிருக்கிறோம்.