தானே விழித்தெழும் காவலன்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசையும் நாட்டியமும் நிறைந்த இவ்விழாவில் தீயைப் பற்றிப் பேச என்னைப் பணித்திருக்கிறீர்கள். மங்கல நாளில் இப்பேச்சு எதற்கென்று சிலர் எண்ணக்கூடும். குடும்பங்கள் கூடியிருக்கும் அவையில் குடும்பங்களைக் காக்கும் வழியைக் கூறுவதினும் மங்கலமானது வேறில்லை என்பது என் துணிபு. முன்கூட்டியே காத்துக் கொள்ளாதவனின் வாழ்வை நெருப்பருகே கிடக்கும் வைக்கோற்போருக்கு ஒப்பிட்டவர் நம் வள்ளுவரே அல்லரோ?

தனி வீடுகள் மிகுந்திருந்த தார்நாகாவில் இன்று அடுக்கு மாடிகள் எழுந்துவிட்டன. கீழே வண்டிகள், அதன் மேல் கடைகள், அதற்கும் மேல் குடியிருப்பு என்பதே பல கட்டடங்களின் அமைப்பு. இவ்வமைப்பின் இடரை நம் நகரம் அண்மையில் கண்டறிந்தது. 2022 செப்டம்பர் 12 இரவு, செகந்திராபாத்தில் ஒரு விடுதிக் கட்டடத்தின் கீழ்ப்பகுதியில், மின்சார இருசக்கர வண்டிகள் வைத்திருந்த இடத்தில் தீப்பற்றி 8 பேர் மாண்டனர். 2023 மார்ச் 16 அன்று சுவப்னலோக் வணிக வளாகத்தில் இளம் வயதினர் 6 பேரை இழந்தோம். அவ்வாண்டு நவம்பர் 13 அன்று நாம்பள்ளி பஜார்காட்டில், கீழ்த்தளத்தில் இரசாயனப் பொருள்கள் இருந்த அடுக்ககத்தில் பலர் மறைந்தனர். 2025 மே 18 அன்று சார்மினாருக்கு அருகில் குல்சார் ஹவுசில் குழந்தைகள் உட்பட 17 பேர் உயிர் நீத்தனர்.

இவர்களுள் பெரும்பாலோரை மாய்த்தது சுடரன்று, புகை. கீழே பற்றிய தீயின் புகை படிக்கட்டு வழியாகவே மேலேறுகிறது. நாம் இறங்க வேண்டிய வழியும் அதுவே. ஆதலின் தீ சிறிதாயிருக்கும் முதற் சில நிமிடங்களிலேயே அதனை அடக்குதல் வேண்டும். தீயணைப்பு வண்டி எவ்வளவு விரைந்து வரினும் அந்நிமிடங்களுக்குள் வருதல் அரிது. அதற்கெனக் கூரையிலேயே ஒரு காவலனை அமர்த்தும் முறைதான் ஸ்பிரிங்க்ளர் எனப்படும் தானியங்கி நீர்த்தூவி.

அமெரிக்க நாட்டில் பியானோ செய்து வந்த ஹென்றி பார்மலி என்பார் தம் தொழிற்சாலையைக் காக்கும் பொருட்டு 1874இல் இத்தகைய கருவிக்கு உரிமம் பெற்றார். பிரெடரிக் கிரின்னெல் பின்னர் அதனைச் செப்பம் செய்தார். இன்றைய கருவியின் வாயை ஒரு சிறு கண்ணாடிக் குமிழ் அடைத்து நிற்கிறது. குமிழினுள் உள்ள திரவம் சூடேறி விரிந்ததும் குமிழ் உடைகிறது. நீர் சிதறிப் பொழிகிறது. சிவப்புக் குமிழ் 68 பாகை செல்சியசிலும், மஞ்சள் 79இலும், பச்சை 93இலும் உடையும். அவ்விடத்தில் இயல்பாக ஏறக்கூடிய உச்ச வெப்பத்தினும் 30 பாகையேனும் மிகுந்த குமிழைத் தெரிந்தெடுப்பது முறை. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ்ச் சிவப்புக் குமிழ் பொருந்தாமற் போவது இதனாலேயே.

திரைப்படங்களில் ஒரு தீக்குச்சியைக் காட்டியவுடன் கட்டடம் முழுவதும் மழை பொழியக் காண்கிறோம். அது கற்பனை. வழக்கமான அமைப்பில் எந்தக் குமிழ் சூடேறியதோ அந்தத் தூவி மட்டுமே திறக்கும். சமையலறைத் தாளிப்புப் புகைக்கு அது அசையாது. அதற்கு வேண்டியது வெப்பமே.

இதனை வடிவமைப்பது எங்ஙனம் என்பதைச் சிறு கணக்கால் விளக்குகிறேன். முதலில் அவ்விடத்தின் இடர் எத்தகையது என்று வகுக்கிறோம். நடுத்தர இடருள்ள இடத்தில் நிமிடத்திற்கு 5 மில்லி மீட்டர் மழை வேண்டும் என்பது அளவு. அதாவது சதுர மீட்டருக்கு 5 லிட்டர். அங்கே ஒரு தூவி 12 சதுர மீட்டருக்கு மேற்படாமல் காக்கலாம். ஆகவே ஒரு தூவிக்கு நிமிடத்திற்கு 60 லிட்டர். தூவியின் துளைக்கேற்ற எண்ணை அழுத்தத்தின் வர்க்க மூலத்தால் பெருக்கினால் ஓட்டம் கிடைக்கும். அவ்வெண் 80 ஆயின், 60 லிட்டர் பெற ஏறத்தாழ 0.56 பார் அழுத்தம் தேவை. நீர் ஒரு மாடி ஏறுவதற்கு ஏறத்தாழ 0.3 பார் செலவாகும். குழாயின் உராய்வுக்கும் தனியே கணக்குண்டு. அனைத்தையும் கூட்டித்தான் பம்பின் வலிமையையும் தொட்டியின் கொள்ளளவையும் முடிவு செய்கிறோம்.

2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதி, எந்தக் கட்டடத்திற்கு எவ்வமைப்பு வேண்டுமென வகுத்துரைக்கிறது. நிலத்தடித் தளத்தின் பரப்பு 200 சதுர மீட்டரைக் கடந்தால் அங்கே நீர்த்தூவி வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று.

அன்பர்களே, நான் சிறப்பாக வற்புறுத்த விரும்புவது இனிமேல்தான். விதிப்படி கட்டுவது கட்டுபவர் கடன். கட்டியதை உயிரோடு வைத்திருப்பது குடியிருப்போர் கடன். கணக்கு எத்துணைத் திருத்தமாயினும் தொட்டியில் நீரில்லையேல் அது வெறுங் காகிதமே. நம் நகரில் கோடை வந்தால் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிறோம். அக்காலத்தில் தீயணைப்புத் தொட்டியிலுள்ள நீர் கண்ணை உறுத்தும். குளிக்கவும் துவைக்கவும் சிறிது எடுத்தால் என்ன என்ற எண்ணம் எழும். இதற்கு நல்ல தீர்வு உண்டு. வரும் நீர் முதலில் தீயணைப்புத் தொட்டியில் விழுந்து, அது நிரம்பி வழிவதே வீட்டு உபயோகத் தொட்டிக்குச் செல்லுமாறு அமைத்துவிட்டால், நீரும் தேங்கிக் கெடாது, தொட்டியும் வறளாது.

ஒழுகுகிறது என்று வால்வை மூடிவிட்டு மறந்துவிடுதல் கூடாது. குமிழ்களின்மேல் வண்ணம் பூசலாகாது. புதிய பொய்க்கூரை அமைத்துத் தூவிகளை மறைத்தல் காவலனின் கண்ணைக் கட்டுவதாகும். தூவிக்குக் கீழே அரை மீட்டர் இடைவெளியேனும் விடாமல் பொருள்களை அடுக்கினால் நீர் பரவ வழியிராது. பொது மின்சாரத்தைத் துண்டித்தாலும் பம்பு இயங்குமாறு அதற்குத் தனி மின்வழி இருத்தல் வேண்டும்.

எங்கள் சிறிய கட்டடத்தில் இவை ஏதுமில்லையே என்போருக்கும் ஒரு சொல். மொட்டை மாடிக் கதவின் பூட்டைத் திறக்கும் வழி எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். படிக்கட்டில் பழைய கட்டிலும் செருப்பு அலமாரியும் வேண்டா. வெளியேறும் வழியில் மின்சார வண்டிகளுக்கு மின்னேற்றம் செய்தலைத் தவிர்ப்போம். கீழ்த்தளத்தை வாடகைக்கு விடுமுன் அங்கே என்ன பொருள் சேமிக்கப்படும் என்று கேட்பது அண்டை அயலாரின் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும். நீர்த்தூவி உள்ள கட்டடத்தாருக்கும் இவை பொருந்தும். தூவி தீயை அடக்குமேயன்றிப் படிக்கட்டுக்கு மாற்றாகாது.

இன்று வீடு திரும்பியதும் உங்கள் கட்டடச் சங்கத்தாரிடம் மூன்று வினாக்களைக் கேளுங்கள். தொட்டி நிறைந்திருக்கிறதா? வால்வு திறந்திருக்கிறதா? பம்பைக் கடைசியாக ஓட்டிப் பார்த்த நாள் எது? மூன்றுக்கும் விடை கிடைக்குமாயின் நிம்மதியாக உறங்கலாம். கிடைக்காவிடின், விடை கிடைக்கும் வரை அந்தக் காவலனுக்காக நாம்தான் விழித்திருக்க வேண்டும்.