மருந்துக்குத் தப்பும் செல்கள்

பெருங்குடலின் உட்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் சில ஸ்டெம் செல்கள் ஓயாமல் பிரிந்து புதிய செல்களை மேலே அனுப்புகின்றன. ஒரு வாரத்துக்குள் உட்சுவரின் மேற்பரப்பு புதிதாகிவிடுகிறது. பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிக்குள்ளும் இதே ஏற்பாடு உண்டு. கட்டியின் எல்லாச் செல்களாலும் புதிய கட்டியை உண்டாக்க முடியாது. அந்த வல்லமை உள்ளவையே புற்றுநோய் ஸ்டெம் செல்கள்.

2007இல் டொரன்டோவில் ஆய்வாளர் ஜான் டிக்கின் குழு இதைக் கணக்கிட்டது. நோயாளிகளின் கட்டிச் செல்களை எதிர்ப்பாற்றல் இல்லாத எலிகளின் சிறுநீரக உறைக்குள் செலுத்தியபோது, ஏறத்தாழ 57,000 செல்களுக்கு ஒன்றுதான் கட்டியை வளர்த்தது. மேற்பரப்பில் சிடி133 என்ற புரதம் உள்ள செல்களை மட்டும் பிரித்தெடுத்தால் 262க்கு ஒன்று. ஆனால் அந்தப் புரதம் இல்லாத செல்களும் கட்டியை வளர்க்கும் என்று அடுத்த ஆண்டே வேறொரு ஆய்வு காட்டியது. அடையாளம் அவ்வளவு உறுதியானதல்ல.

இந்த நோய்க்கான கீமோதெரபியின் அச்சாணி 1957இல் அறிமுகமான 5-ஃபுளோரோயுராசில். டிஎன்ஏ கட்டுமானத்துக்கு வேண்டிய ஒரு மூலப்பொருள் உருவாவதை அது தடுக்கிறது. அதனோடு சேர்த்துத் தரப்படும் ஆக்ஸாலிபிளாட்டின் டிஎன்ஏ இழைகளைப் பிணைத்துவிடுகிறது. இரண்டும் வேகமாகப் பிரியும் செல்களையே அதிகம் தாக்கும். புற்றுநோய் ஸ்டெம் செல்கள் தப்புவதற்குப் பல வழிகள்: உள்ளே வந்த மருந்தை வெளியே இறைக்கும் புரதங்கள், சேதத்தை விரைந்து பழுதுபார்க்கும் திறன், சாவுக்கான கட்டளையை முடக்கும் இன்டர்லூக்கின்-4 என்ற புரதம். எல்லாவற்றிலும் எளிய உபாயம், பிரியாமல் உறங்கிக் கிடப்பது.

அந்த உறக்கத்தை டிக்கின் குழு 2013இல் நேரில் பின்தொடர்ந்தது. செல்களுக்கு மரபணுக் குறியிட்டு, அவற்றின் வாரிசுகளை எலிக்கு எலி மாற்றிக் கவனித்தார்கள். ஆக்ஸாலிபிளாட்டின் கொடுத்ததும் கட்டியை வளர்த்துவந்த வம்சங்கள் பின்வாங்கின. அதுவரை தூங்கிய வம்சங்கள் எழுந்து கட்டியை மீண்டும் கட்டின. இத்தனைக்கும் இவை மரபணு மாற்றத்தால் வேறுபட்டவை அல்ல. ஒரே மரபணு அமைப்பு, நடத்தை மட்டும் வேறு.

2021இல் அதே நகரத்து ஆய்வு இன்னும் ஒரு படி போனது. உறங்கும் திறன் ஒரு சிறுபான்மைக்கு மட்டுமல்ல, எல்லாப் புற்றுச் செல்களுக்கும் உண்டு என்பது அதன் முடிவு. சூழ்நிலை சரியில்லாதபோது கரடி, கங்காரு போன்ற நூற்றுக்கும் மேற்பட்ட பாலூட்டிகளின் கரு வளர்ச்சியை நிறுத்தி வைக்கும். மருந்து பாயும்போது புற்றுச் செல்களும் அதே மரபணுத் திட்டத்தைக் கையாள்கின்றன. தம் உட்பொருள்களையே செரித்து உயிர் பிடிக்கின்றன. மருந்து நின்றதும் பழையபடி பிரியத் தொடங்குகின்றன.

அப்படியானால் ஸ்டெம் செல்களை மட்டும் குறிவைத்து அழித்தால் போதாதா? 2017இல் எலிகளில் செய்து பார்த்தார்கள். எல்ஜிஆர்5 என்ற அடையாளம் கொண்ட ஸ்டெம் செல்கள் அழிந்ததும் குடல் கட்டியின் வளர்ச்சி நின்றது, கட்டி மறையவில்லை. அழிப்பதை நிறுத்தியதும் மற்ற செல்களே மாறி ஸ்டெம் செல்களாகிவிட்டன. கல்லீரலுக்குப் பரவும் புற்றில் மட்டும் பலன் கூடுதலாக இருந்தது. ஆக, ஸ்டெம் செல் என்பது ஓர் இனம் என்பதைவிட ஒரு நிலை என்று கொள்வதே சரி. ஸ்கேனில் கட்டி சுருங்கியதை வைத்து நோய் தீர்ந்தது என்று சொல்லிவிட முடியாததும் இதனால்தான்.

உறங்கும் செல்களைத் தாக்கும் சிகிச்சை இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. குடற்சுவரைத் தாண்டாத முதல் நிலைப் புற்றுக்கோ பெரும்பாலும் அறுவை சிகிச்சையே போதும், கீமோதெரபி தேவைப்படாது. அந்த நிலையிலேயே நோயைக் கண்டுபிடிக்க, மலத்தில் ரத்தம் கண்டால் மூலம் என்று தாமாக முடிவுகட்டிக் காத்திராமல் மருத்துவரிடம் காட்டிக்கொள்ள வேண்டும்.