மாடவீதியே இசைப்பள்ளி
(ஆலயத் திருவிழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இறைவன் திருமுன் பாடுவதற்கு நல்ல குரலும் முறையான சங்கீதப் பயிற்சியும் உடையோரே தகுதியுடையோர் என்னும் தயக்கம் பலரிடம் உண்டு. ‘தமிழ்த் தியாகையர்’ எனப் போற்றப்பெற்ற பாபநாசம் சிவன் அவர்களின் வாழ்க்கை அத்தயக்கத்தைப் போக்கவல்லது.

1890-ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்துப் போலகம் என்னும் சிற்றூரில் பிறந்த அவரது இயற்பெயர் ராமய்யா. இளமையிலேயே தந்தையை இழந்து, தாயாருடன் திருவனந்தபுரம் சென்றார். அங்கே வடமொழி கற்றார். இசைக்கோ, நீலகண்ட சிவனின் பஜனையே அவருக்குப் பள்ளியாயிற்று. 1910-இல் தாயாரும் மறையவே, கோயில் கோயிலாக நடந்து, உற்சவங்களில் உள்ளமுருகிப் பாடினார். மேனியெங்கும் திருநீறு துலங்க நின்ற அவரைக் கண்டோர் ‘சிவன்’ என்றழைக்க, அதுவே பெயராக நிலைத்தது.

பின்னர்ச் சென்னை மயிலாப்பூரில் குடியேறினார். மார்கழி வைகறைதோறும் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளில் பஜனை நடத்தினார். அவரைப் பின்தொடர்ந்து பாடியோருள் வித்துவான்களும் இருந்தனர். சாதாரண பக்தர்களும் இருந்தனர்.

கச்சேரிகளில் தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனைகளே தலைமையிடம் பெற, தமிழ்ப் பாடல்கள் பெரும்பாலும் இறுதியில் துக்கடாவாக ஒதுங்கியிருந்த காலம் அது. சிவனின் தமிழ்க் கீர்த்தனைகள் கச்சேரியின் நடுநாயகமாக அமரும் தகுதி பெற்றன. அவற்றில் அவர் பதித்த முத்திரை ‘ராமதாசன்’ என்பதாகும்.

திரையுலகமும் அவரை அழைத்தது. ‘சிவகவி’ (1943), ‘ஹரிதாஸ்’ (1944) ஆகிய படங்களில் எம். கே. தியாகராஜ பாகவதர் பாடிய அவரது பாடல்கள் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தன. ‘ஹரிதாஸ்’ சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம். அத்தகைய புகழ் வந்த பின்னரும் மாடவீதி பஜனையை அவர் கைவிடவில்லை. 1971-இல் சங்கீத கலாநிதி விருதும், 1972-இல் பத்மபூஷண் விருதும் அவரைத் தேடி வந்தன. 1973 அக்டோபர் முதல் நாள் இறைவனடி சேர்ந்தார்.

பக்தப் பெருமக்களே, சிடாம் கிரி போன்ற தோட்டப்புறங்களில் ஒலிபெருக்கி நாள் முழுவதும் பாடுகிறது. அதனருகே நம் பிள்ளைகள் வாய்மூடி நிற்கின்றனர். ஒலிநாடாவும் குறுந்தட்டும் சிவனை உருவாக்கவில்லை. கூடிப் பாடிய கூட்டமே உருவாக்கியது. வாரத்தில் ஒரு மாலையேனும் ஒலிபெருக்கியை நிறுத்திப் பிள்ளைகளைப் பாடவிடுங்கள். சுருதி சற்றே விலகினும் குற்றமில்லை. பாடப் பாடச் சேர்ந்துவிடும். பாட்டை இயற்றியவர் பெயரையும் சொல்லிக்கொடுங்கள்.