வாடகைக்கு விடுமுன் வாய்ப்பேச்சை விடுங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நான் நிபோங் திபாலிலிருந்து வருகிறேன். எங்கள் ஊரில் வாடகைக்கு ஆள் கிடைப்பதில் பெரிய சிரமம் இல்லை. 2001-இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் வந்தது. 2014-இல் பினாங்கின் இரண்டாவது பாலம் திறக்கப்பட்ட பின் பத்து காவான் பக்கம் தொழிற்சாலைகள் பெருகின. மாணவர்களும் வேலைக்கு வரும் பிள்ளைகளும் வீடு கேட்டு வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். ஆள் கிடைப்பது வேறு, மாதம் தவறாமல் வாடகை கொடுக்கும் ஆள் கிடைப்பது வேறு.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரர் என்றால் பெரிய தவுக்கே அல்ல. தோட்டத்தில் பாடுபட்டு, ஊழியர் சேமநிதிப் பணத்தைப் போட்டு, தாமானில் ஒரு வீடு வாங்கியவர். வாடகை வந்தால்தான் வங்கித் தவணை கட்ட முடியும். இரண்டு மாதம் வராவிட்டால் தூக்கம் போய்விடும்.

இப்படிப்பட்டவர்தான் ஆளைப் பார்த்தவுடன், "நம்ம ஆளுதானே" என்று சாவியைக் கொடுத்துவிடுகிறார். திருவிழாவில் பார்த்த முகம், மச்சானுக்குத் தெரிந்த பையன். ஒப்பந்தம் இல்லை, ஒரு மாத டெபாசிட் மட்டும். மூன்றாம் மாதம், "அண்ணே, அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்" என்பார். ஆறாம் மாதம் போனையே எடுக்கமாட்டார். கண்டித்துக் கேட்கவும் முடியாது, மச்சான் கோபித்துக்கொள்வாரே!

இதற்கு மறுபக்கமும் உண்டு. நம் பிள்ளைகள் வீடு தேடிப் போகும்போது, "இந்தியர்களுக்கு இல்லை" என்ற விளம்பரத்தைப் பார்த்து மனம் நொந்து திரும்புகிறார்கள். அதைக் கேட்டு நமக்குக் கொதிக்கிறது. ஆனால் நம்மிலும் சிலர் சாதியை விசாரித்துத்தானே வீடு விடுகிறார்கள்? சாதியும் இனமும் வாடகை கட்டாது ஐயா. மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேளுங்கள். அடையாள அட்டையின் நகலை வாங்குங்கள். வேலை செய்யும் இடத்தை விசாரியுங்கள். முன்பு குடியிருந்த வீட்டுக்காரரிடம் பேசுங்கள். இப்போது குடியிருக்கும் வீட்டுக்காரரை மட்டும் நம்பாதீர்கள். ஆள் போனால் போதும் என்று அவர் தங்கமான பையன் என்பார்!

பிறகு ஒப்பந்தம். இரண்டு மாத டெபாசிட், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம், முதல் மாத வாடகை முன்பணம் என்பது வழக்கம். இது சட்டம் போட்ட கணக்கல்ல, எழுதினால்தான் நிற்கும். எழுதியதற்கு முத்திரை வரி கட்டுங்கள். முன்பு ஆண்டு வாடகையில் 2,400 வெள்ளிக்கு விலக்கு இருந்தது. 2025 ஜனவரி முதல் அது எடுக்கப்பட்டுவிட்டது. அப்படியும் மாதம் 750 வெள்ளி வாடகைக்கு ஓராண்டு ஒப்பந்தம் போட்டால் வரி 36 வெள்ளிதான். குடும்பத்தோடு ஒரு வேளை வெளியே சாப்பிடும் காசு. முத்திரை இல்லாத தாளை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. வழக்கு என்று வந்த பிறகு அபராதமும் சேர்த்துக் கட்டவேண்டி வரும்.

வாடகை நின்றுவிட்டால் நம்மவர்கள் முதலில் செய்வது என்ன? பூட்டை மாற்றுவது, சாமான்களை வாசலில் வைப்பது. தயவுசெய்து வேண்டாம். 1950-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், பிரிவு 7(2)-இன்படி, நீதிமன்றத்தின் வழியாக அல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. மீறினால் வாடகை பாக்கி வைத்தவர் உங்கள் மீது வழக்குப் போடுவார், நீங்கள் கைகட்டி நிற்பீர்கள்.

சட்டம் நமக்கும் வழி வைத்திருக்கிறது. பாக்கி 5,000 வெள்ளிக்குள் இருந்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே மனுப் போடலாம். 1951-ஆம் ஆண்டின் ஜப்திச் சட்டப்படி, பன்னிரண்டு மாதம் வரையிலான பாக்கிக்கு வீட்டிலுள்ள பொருள்களை ஜப்தி செய்ய நீதிமன்ற ஆணை கேட்கலாம். ஒப்பந்தம் முடிந்தும் காலி செய்யாதவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்க 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டம் இடம் தருகிறது. ஆகவே இரண்டாம் மாதமே எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். பாவம் பார்த்து ஓராண்டு காத்திருந்தால், அவருக்கும் கட்ட முடியாத கடனாகிவிடும்.

வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு வீடு கேட்டுவரும் ஏஜெண்டுகள் விஷயத்தில் கவனம். வாடகை கூடக் கிடைக்கும் என்று கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். முதலாளி, தங்குமிடத்துக்கு ஆள்பலத் துறையின் சான்றிதழ் பெற்றிருக்கிறாரா என்று பாருங்கள். 2020 ஜூன் முதல் இது கட்டாயம். பத்திரமில்லாத ஆட்களைத் தங்கவிட்டால் ஆள் ஒருவருக்கு 5,000 வெள்ளியிலிருந்து அபராதம். உள்வாடகைக்கு விடக்கூடாது என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்.

சாவி கொடுக்கும் நாளில் மின்சார மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் படம் எடுங்கள். சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் எடுத்து இருவரும் கையெழுத்துப் போடுங்கள். காலி செய்யும்போது பழைய பெயிண்டுக்கெல்லாம் டெபாசிட்டில் பிடிக்கும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். அந்தப் படம் அவர்களுக்கும் பதில் சொல்லும்.

தலைவர் மணியடித்துவிட்டார்.