மூக்கில் ரெண்டு சொட்டு

போன மாசம் தூக்கம் பத்திப் பேசின எபிசோடுக்குப் பிறகு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்துச்சு. "பெப்டைட் எடுத்தா மூளை ஷார்ப் ஆகுமாமே, உண்மையா?" கேட்டவங்கள்ல பாதிப் பேர் இன்னும் முப்பதைத் தொடாதவங்க. மீதிப் பேர் அப்பா அம்மாவுக்காகக் கேட்டவங்க. நான் ரெண்டாவது கோஷ்டி. ஏன்னா என் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல, ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்துல, அப்படி ஒரு குப்பி மூணு வாரம் இருந்துச்சு.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. படிச்சதையும் பட்டதையும் சொல்றேன், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு 63 வயசு. ஈரோட்டில் தனியா இருக்காங்க. தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ பால்காரர் என்னைத் தனியா கூப்பிட்டார். "தம்பி, அம்மா இந்த மாசப் பணத்தை ரெண்டு தடவை குடுத்துட்டாங்க. போன மாசமும் இப்படித்தான்" என்று சொல்லி நோட்டைக் கையில் திணிச்சார். அன்னைக்கு ராத்திரி கொஞ்சம் கவனிச்சுப் பார்த்தேன். "சாப்டியா கண்ணு?" என்று மூணு தடவை கேட்டாங்க. எல்லா அம்மாக்களும் மூணு தடவை கேட்பாங்கதான். ஆனா மூணாவது தடவை கேட்டப்போ நான் சாப்பிட்டு முடிச்ச தட்டு அவங்க கண்ணு முன்னாடி இருந்துச்சு.

அங்கேயே ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கலை. "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்"னு அனுப்பிட்டார்.

சென்னை திரும்பினதும் ஜிம்மில் ஒருத்தர்கிட்ட இதைப் புலம்பினேன். அவர் சொன்னார், "செமாக்ஸ் ட்ரை பண்ணுங்க ப்ரோ. மூக்குல ரெண்டு சொட்டு. ரஷ்யாவுல டாக்டர்களே எழுதித் தர்றாங்க." 7,500 ரூபாய். டிசம்பர் கடைசியில் வாங்கிட்டேன். பொங்கலுக்கு ஊருக்கு எடுத்துட்டுப் போறதா பிளான்.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ரஷ்யாவில் பக்கவாதம் வந்தவங்களுக்கு செமாக்ஸை மூக்குச் சொட்டு மருந்தாகக் கொடுக்கிறாங்க. அந்த நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது இருக்கு. அதனாலதான் எனக்கு உடனே சந்தேகம் வரலை. குப்பி வீட்டுக்கு வந்த பிறகுதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன்.

பெப்டைட்னா என்ன? நாரில் பூ தொடுக்கிற மாதிரி அமினோ அமிலங்களை ஒண்ணோட ஒண்ணு கோத்தா வர்றது. முழம் முழமா நீண்டா புரதம். ஒரு கிள்ளு இருந்தா பெப்டைட். இன்சுலின்ல 51 அமினோ அமிலம் இருக்கு. செமாக்ஸ்ல வெறும் 7.

அந்த ஏழும் எங்கிருந்து வந்துச்சுங்கிறது நல்ல கதை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி இருக்கு. அது சுரக்கிற ஹார்மோன்கள்ல ஒண்ணு ஏசிடிஎச். சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற அட்ரினல் சுரப்பியைத் தட்டி எழுப்பி கார்ட்டிசாலைச் சுரக்க வைக்கிறது அதோட வேலை. நெதர்லாந்தில், உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் டி வீட் என்ற விஞ்ஞானி 1960களிலும் 70களிலும் எலிகளை வெச்சு இதை ஆராய்ந்தார். பிட்யூட்டரியை எடுத்துட்டா எலி பாடம் கத்துக்கத் திணறுது. மின் அதிர்ச்சி வரப்போகுதுன்னு முன்கூட்டியே சைகை கொடுத்தாலும் ஓடித் தப்பிக்கத் தெரியலை. ஏசிடிஎச் ஊசி போட்டா கத்துக்குது. சரி, கார்ட்டிசால்தான் காரணம்னு நாமெல்லாம் அதோட விட்டிருப்போம். அவர் விடலை. 39 அமினோ அமிலம் உள்ள அந்தச் சரத்தில் 4 முதல் 10 வரை உள்ள துண்டை மட்டும் கொடுத்துப் பார்த்தார். அந்தத் துண்டு அட்ரினலை அசைக்கவே இல்லை. ஆனா எலி கத்துக்கிச்சு. ஒரே ஹார்மோனுக்குள்ள இருக்கிற ஒரு சின்னத் துண்டு, மூளைகிட்ட மட்டும் தனியா ஏதோ பேசுது!

மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தோட மூலக்கூறு மரபியல் நிறுவனத்தில் இருந்தவங்க 1980களில் இதைக் கையில் எடுத்தாங்க. அவங்களுக்கு முன்னாடி இருந்த சிக்கல், நம்ம உடம்பு முழுக்கப் பெப்டைடை வெட்டுற நொதிகள் இருக்கு என்பதுதான். இவ்வளவு சின்னத் துண்டு சில நிமிஷத்துல காணாமப் போயிடும். அதனால ஏசிடிஎச்சோட 4 முதல் 7 வரை உள்ள நாலை மட்டும் வெச்சுக்கிட்டு, வால் பக்கம் புரோலின், கிளைசின், புரோலின்னு மூணைக் கோத்தாங்க. புரோலின் இருக்கிற இடத்தில் வெட்டுறது பெரும்பாலான நொதிகளுக்குக் கஷ்டம். பூ உதிராம இருக்கக் கடைசியில் முடிச்சுப் போடறோமே, கிட்டத்தட்ட அது. வாய் வழியா போனா வயிறு செரிச்சுடும், அதான் மூக்கு.

இதைப் படிச்சப்போ எனக்கு நம்பிக்கை கூடத்தான் செஞ்சது. உண்மையான விஞ்ஞானம், உண்மையான ஆட்கள். குப்பியைத் திறக்கலாமான்னு யோசிச்சேன். அப்புறம்தான் அடுத்த கேள்வியைத் தேடினேன். எலிக்குச் சரி, 63 வயசு அம்மாவுக்கு?

அங்கேதான் பாதை முடிஞ்சு போச்சு. டச்சுக்காரங்க கண்டுபிடிச்ச துண்டை வெச்சு, ஆர்கனான் என்ற அவங்க ஊர் கம்பெனி 'ஆர்க் 2766'ன்னு ஒரு மருந்து தயார் பண்ணி, மறதி நோய் உள்ள முதியவர்களுக்கும் கொடுத்துப் பார்த்துச்சு. எதிர்பார்த்த பலன் வரலை. செமாக்ஸ் எலியின் மூளையில் பிடிஎன்எஃப் என்ற வளர்ச்சிப் புரதத்தைக் கூட்டுதுன்னு கட்டுரை இருக்கு. பக்கவாதம் வந்தவங்ககிட்ட நடந்த ஆய்வுகள் இருக்கு, பெரும்பாலும் ரஷ்யாவிலேயே, சின்னச் சின்ன எண்ணிக்கையில். ஆனா வயசாகிறதால வர்ற மறதியை இது தடுக்கும்னு காட்டின பெரிய சோதனை எதுவும் இல்லை. அமெரிக்காவில் இதை மருந்தா அங்கீகரிக்கவும் இல்லை. 2023-ல் அங்குள்ள எஃப்டிஏ, மருந்தகங்கள் தாங்களே கலந்து கொடுத்தால் பாதுகாப்பு ஆபத்து வரலாம்னு ஒரு பட்டியல் போட்டப்போ செமாக்ஸ், செலாங்க், டைஹெக்ஸா மூணும் அதில் இருந்துச்சு.

டைஹெக்ஸா பெயர் நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. ஆன்லைன்ல அதைப் பத்தி வர்ற புகழாரம் கொஞ்சநஞ்சம் இல்லை. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதே ஆராய்ச்சியில் இருந்து அதிரா பார்மா என்ற கம்பெனி வந்துச்சு. 2021-ல் அதன் தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார். ஆராய்ச்சி மாணவரா இருந்த காலத்துக் கட்டுரைகளில் அவர் படங்களை மாத்தியிருந்ததாக, கம்பெனி அமைச்ச குழுவே கண்டறிஞ்சது. 2024-ல் அந்த வரிசையில் வந்த மருந்து அல்சைமர் நோயாளிகளிடம் தோற்றது. 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசோட வழக்கை முடிக்க 40 லட்சம் டாலருக்கு மேல் கட்ட ஒப்புக்கிட்டாங்க. இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பொடி விற்பனையில் இருக்கு. இன்னொன்று, டைஹெக்ஸா தூண்டுறதா சொல்லப்படுற 'சி-மெட்' பாதையைப் பல புற்றுநோய்களும் வளரப் பயன்படுத்திக்குது. வருஷக்கணக்கில் எடுக்கிற ஆள் இதை யோசிக்க வேண்டாமா?

மூக்கு வழியும் நினைக்கிற அளவுக்குச் சுலபம் இல்லை. அல்சைமருக்கு இன்சுலினை மூக்கில் அடிக்கிற ஒரு சோதனை அமெரிக்காவில் 289 பேரை வெச்சு நடந்து 2020-ல் முடிவு வந்துச்சு. முதல்ல கொடுத்த கருவி நம்பகமா வேலை செய்யலைன்னு நடுவுல வேற கருவிக்கு மாத்தினாங்க. முடிவில், மருந்து எடுத்தவங்களுக்கும் வெறும் திரவம் எடுத்தவங்களுக்கும் வித்தியாசம் இல்லை. அத்தனை வசதியும் உள்ள ஆய்வுக்கே மருந்தைச் சரியா உள்ளே அனுப்புறது இவ்வளவு பாடுன்னா, நான் ஈரோட்டுல அம்மா தலையை அண்ணாந்து பிடிச்சு ரெண்டு சொட்டு விட்டா எவ்வளவு உள்ளே போகும்?

என்னை நிஜமா நிறுத்தினது வேற ஒரு செய்தி. செமாகுளூட்டைட், அதான் எடை குறைப்பு ஊசின்னு எல்லாரும் பேசுறது, அதுவும் 31 அமினோ அமிலப் பெப்டைட்தான். அதை எடுக்கிற சர்க்கரை நோயாளிகளுக்கு மறதி நோய் குறைவா வர்ற மாதிரி தெரிஞ்சது. அதனால ஆரம்பக்கட்ட அல்சைமர் உள்ள 3,808 பேரிடம் ரெண்டு சோதனைகள் நடத்தினாங்க. 2025 நவம்பரில் முடிவு வந்துச்சு. நோயோடு தொடர்புள்ள சில அளவீடுகள் நல்லபடியா மாறியிருந்தன. நோய் வேகம் குறையலை. அளவீடு நல்லா ஆகி ஆள் அப்படியே இருக்க முடியும்! அப்போ எலி மூளையில் பிடிஎன்எஃப் கூடினதை வெச்சு நான் எங்க அம்மாவுக்கு என்ன கணக்குப் போட முடியும்?

"உங்க மேலேயே ட்ரை பண்ணிப் பாருங்க, தெரியும்"னு ஜிம் நண்பர் சொன்னார். ஒரு நாள் நல்லாத் தூங்கினாலே எனக்கு மூளை ஷார்ப்பாத்தான் இருக்கு. 7,500 ரூபாய் போட்ட பிறகு இன்னும் ஷார்ப்பா இருக்கிற மாதிரிதான் தோணும்.

குப்பியை ஒரு தடவை வெளியில எடுத்து லேபிளைப் படிச்சேன். "ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல." கூடவே 99 சதவீதம் தூய்மைன்னு ஒரு சான்றிதழ். அந்த 99, பொடியில் உள்ள பெப்டைட் எவ்வளவு கலப்பில்லாமல் இருக்குன்னு சொல்லும். பாக்டீரியாவின் சுவரில் இருந்து உதிர்கிற நச்சு இருக்கா, கிருமி இருக்கா என்பதைச் சொல்லாது. அதுக்குத் தனிப் பரிசோதனை வேணும். மூக்கில் விடறவங்களை விட ஊசியில் ஏத்திக்கிறவங்க இதை ரெண்டு மடங்கு யோசிக்கணும். அப்படி ஏத்திக்கிறவங்க இதைக் கேட்டுக்கிட்டு இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்.

ஏதோ ரஷ்ய விவகாரம்னும் ஒதுக்கிட முடியாது. நம்ம ஊர்ல பக்கவாதத்துல படுத்தவங்களுக்கு 'செரிப்ரோபுரோட்டீன் ஹைட்ரோலைசேட்'னு ஒரு ஊசி எழுதித் தர்றது உண்டு. பன்றி மூளையில் இருந்து எடுக்கிற பெப்டைட் கலவை. சுத்த சைவக் குடும்பங்களுக்கு யாராவது இதைச் சொல்றாங்களான்னு தெரியலை. இதே வகையைச் சேர்ந்த செரிப்ரோலைசின் பத்தி காக்ரேன் குழு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தப்போ, ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்தில் அது உயிரிழப்பைக் குறைக்கிறதா தெரியலைன்னுதான் சொல்லியிருக்காங்க.

பொங்கலுக்குக் குப்பி இல்லாமத்தான் போனேன். அம்மாவைக் கோயம்புத்தூர்ல வேற ஒரு நரம்பியல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் அம்மாவைக் கடிகாரம் வரையச் சொன்னார், முள்ளை பதினொன்று பத்தில் வைக்கச் சொன்னார். அம்மா ரொம்ப நேரம் பேனாவைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. அந்த ஒரு நிமிஷம் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியலை. அப்புறம் டாக்டர் மருந்துச் சீட்டைப் பார்த்தார். "மெட்ஃபார்மின் எத்தனை வருஷமா?" பதினோரு வருஷம். "அசைவம் உண்டா?" கிடையாது. "கால் எரிச்சல்?" ஒரு வருஷமா இருக்குன்னு அம்மா சொன்னாங்க. எனக்கே அது அப்போதான் தெரியும்.

பி12 ரத்தப் பரிசோதனை. முடிவு 128. பொதுவா 200-க்குக் கீழே போனாலே குறைபாடுன்னு எடுத்துப்பாங்க. சர்க்கரைக்குப் பல வருஷமா மெட்ஃபார்மின் எடுத்தா உடம்பு பி12-ஐ உறிஞ்சுறது குறையும். 2022-ல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பத்தி டாக்டர்களுக்குத் தனியா எச்சரிக்கையே அனுப்பியிருக்கு. சைவச் சாப்பாடும் சேர்ந்தா கேட்கவே வேண்டாம். பி12 குறைஞ்சா காலும் எரியும், ஞாபகமும் தடுமாறும். ரொம்ப நாள் விட்டா நரம்புச் சேதம் திரும்பாமலே போகலாம்.

நான் அந்தச் சொட்டை ஆரம்பிச்சிருந்தா குறைஞ்சது ஆறு மாசம் "வேலை செய்யுதா, செய்யலையா"ன்னு பார்த்துக்கிட்டு இருந்திருப்பேன். கால் எரிச்சலைப் பத்தி யாருமே கேட்டிருக்க மாட்டோம். எனக்கு இப்பவும் வயித்தைக் கலக்குறது அந்த ஆறு மாசம்தான்.

பி12 ஊசி போட்டு நாலு மாசம் ஆச்சு. கால் எரிச்சல் பாதி குறைஞ்சிருக்கு. மறதி? பால் பணம் ஒரு தடவைதான் போகுது. ஆனா போன வாரம் என் பிறந்தநாளை ஒரு நாள் முன்னாடியே வாழ்த்தினாங்க. இது முழுசாச் சரியாகுமா, கூட வேற ஏதாவது இருக்கான்னு டாக்டரும் உறுதியாச் சொல்லலை. ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் கடிகாரம் வரையணும். காதுப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்திருக்கார். 2024-ல் லான்செட் குழு, மறதி நோயில் சுமார் 45 சதவீதம் நாம மாத்தக்கூடிய 14 காரணங்களோடு சம்பந்தப்பட்டதுன்னு சொல்லுச்சு. காது மந்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை, தனிமை எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கு. தனிமையைப் படிச்சப்போ கொஞ்சம் சுருக்குன்னுச்சு. இப்போ மாசம் ரெண்டு சனி ஞாயிறு ஈரோடு. ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் கிடைச்சா.

குப்பியை ஜிம் நண்பர் திரும்ப வாங்கிக்கலை. காசு போனது போனதுதான். அவர் இன்னும் நண்பர்தான், அவங்க அப்பாவுக்கு பி12 பார்த்தாரான்னு கேட்டிருக்கேன்.

அம்மா இதைக் கேட்பாங்கன்னு நினைக்கிறேன். அம்மா, மாத்திரை டப்பால வியாழக்கிழமை அறை இன்னும் காலியாகலைன்னு நேத்து வீடியோ கால்ல பார்த்தேன். அதை முதல்ல எடுத்துக்கோங்க. மத்தவங்களை அடுத்த வெள்ளிக்கிழமை பார்க்கிறேன்.