வாயில்லா ஜீவனுக்கு நீங்கள்தான் வாய்

பெங்களூரில் எத்தனையோ வீடுகளில் பூனை வளர்க்கிறார்கள். எலித் தொல்லைக்காகச் சிலர் வளர்க்கிறார்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டதற்காகச் சிலர் வளர்க்கிறார்கள்.

அந்தப் பூனைக்கு நோய் வந்தால் எங்கே போவது? ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1958-ல் தொடங்கிய கல்லூரி அது. அங்கே மருத்துவமனையும் உண்டு. மக்கள் 'மாட்டாஸ்பத்திரி' என்று சொன்னாலும் அங்கே பூனைக்கும் வைத்தியம் உண்டு.

சரி, பூனையைக் கொண்டு போயாகிவிட்டது. டாக்டர் கேட்கிறார்.

"பூனைக்கு என்னம்மா?"

"என்னவோ தெரியலை சார். சோர்ந்து கிடக்குது."

பலரும் இவ்வளவுதான் சொல்கிறார்கள். இது போதுமா? போதாது.

மனிதன் 'இங்கே வலிக்கிறது' என்று சொல்வான். பூனை சொல்லுமா? டாக்டர் தொட்டுப் பார்ப்பார். காய்ச்சல் பார்ப்பார். ஆனால் நேற்று வீட்டில் நடந்தது அவருக்கு எப்படித் தெரியும்? வளர்ப்பவர் சொன்னால்தான் தெரியும்.

மறைக்காமல் சொல்லுங்கள்

ஒரு வீட்டில் இப்படி நடப்பதாக வைத்துக்கொள்வோம். பூனையின் உடம்பு சுடுகிறது. வீட்டில் பாரசிட்டமால் மாத்திரை இருக்கிறது. பிள்ளைக்குக் கொடுப்பதுதானே என்று பூனைக்கும் கொடுத்துவிடுகிறார்கள்.

பாரசிட்டமால் பூனைக்கு விஷம். மனிதனின் ஈரல் அந்த மருந்தைப் பக்குவம் செய்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்தச் சக்தி மிகவும் குறைவு. மருந்து ரத்தத்தைக் கெடுக்கிறது. மூச்சுத் திணறுகிறது. ஈறு பழுப்பு நிறமாகிறது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையின் உயிரைப் போக்கப் போதும்.

இதற்கு முறிவு மருந்து உண்டு. சீக்கிரம் கொடுத்தால் பூனை பிழைக்க வழி உண்டு. ஆனால் டாக்டர் கேட்கும்போது, திட்டுவாரோ என்று பயந்து, "மருந்து எதுவும் கொடுக்கவில்லை" என்று சொல்லிவிட்டால்? நேரம் போய்விடும். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. உண்மையைச் சொல்லுங்கள். மாத்திரை அட்டையையும் கொண்டு போய்க் காட்டுங்கள்.

பூனையை நாய் கடித்திருந்தாலும் மறைக்கக் கூடாது. பூனை யாரையாவது கடித்திருந்தாலும், பிறாண்டியிருந்தாலும் மறைக்கக் கூடாது. வெறிநோய் நாயிடமிருந்து மட்டும் வருவதில்லை. பூனையிடமிருந்தும் வரும். கடிபட்டவர் காயத்தை உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு மனிதர்களுக்கான மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள்

ஆண் பூனை ஒன்று அடிக்கடி மண்ணில் போய் உட்கார்ந்து முக்குகிறது. வீட்டார், "மலச்சிக்கல் சார்" என்கிறார்கள். ஆனால் அடைத்திருப்பது சிறுநீராக இருக்கலாம். சிறுநீர் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் பூனை செத்துப்போகலாம்.

ஆகவே நோயின் பெயரை நீங்கள் சொல்ல வேண்டாம். "காலையிலிருந்து பத்து முறை உட்கார்ந்தது. சிறுநீர் ஒரு சொட்டும் வரவில்லை" என்று சொல்லுங்கள். டாக்டருக்கு அது போதும். இப்படி முக்கினால் மறுநாள்வரை காத்திருக்கவே கூடாது.

எழுதிக்கொண்டு போங்கள்

பதற்றத்தில் பாதி மறந்துபோகும். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். ஒரு துண்டுத் தாளில் இப்படி எழுதுங்கள்:

பெண் பூனை. வயது 2.
திங்கள் காலை: சாப்பிடவில்லை.
திங்கள் இரவு: 2 முறை வாந்தி. மஞ்சள் நிறம்.
செவ்வாய் காலை: தண்ணீர் குடித்தது. சிறுநீர் போனது.
மருந்து எதுவும் கொடுக்கவில்லை.

சினையாக இருந்தால் அதையும் எழுதுங்கள். தடுப்பூசி போட்ட தேதியையும் எழுதுங்கள்.

கன்னடம் வராதே என்று சிலர் தயங்குகிறார்கள். தயக்கம் வேண்டாம். பூனைக்குக் கன்னடத்தில் 'பெக்கு' என்று பெயர். வாந்தி அங்கேயும் வாந்திதான். பேதியும் பேதிதான். மாத்திரை என்பது 'மாத்ரெ'. தெரிந்ததைச் சொல்லுங்கள். மீதியைக் கையால் காட்டுங்கள்.

கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

மருந்துச் சீட்டை வாங்கியதும் கிளம்பிவிடாதீர்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை வேளை?
எத்தனை நாள்?
சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?
என்ன நடந்தால் உடனே திரும்பி வர வேண்டும்?

டாக்டர் சொன்னதை அவரிடமே ஒரு முறை திருப்பிச் சொல்லுங்கள். "காலை பாதி, இரவு பாதி, ஐந்து நாள். சரிதானே சார்?" தவறு இருந்தால் அங்கேயே திருத்துவார். பூனை மாத்திரையைத் துப்பிவிடும் என்றால் அதையும் சொல்லுங்கள். எப்படிக் கொடுப்பது என்று செய்து காட்டுவார்.

கையில் பணம் குறைவாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம். "இவ்வளவுதான் இருக்கிறது. முதலில் எது அவசியம்?" என்று கேளுங்கள். சொல்லாமல் பாதியில் மருந்தை நிறுத்துவதைவிட இது நல்லது.

அடுத்த முறை போகும்போது பூனையோடு அந்தத் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள்.