பத்தாவது சோதனை

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வெளிநாட்டுப் பள்ளியோடு சேர்ந்து தண்ணீரைச் சோதிக்கும் திட்டத்தில் நம்ம பிள்ளைகள் சேரலாமா என்று கேட்டீர்கள். "சுற்றுச்சூழல்ங்கிறது வசதியுள்ளவன் பேச்சு, நமக்கென்ன அதுல?" என்றார் ஒரு தம்பி. நியாயமான கேள்வி. இப்படிப்பட்ட திட்டம் எங்கே பிறந்தது என்று முதலில் பார்ப்போம்.

1984. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் நகரம். ஹியூரான் ஆற்றில் பாய்ப்பலகை விளையாடிய மாணவர்களுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பிள்ளைகள் ஆற்றுக்கே போனார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்டாப் துணைக்கு நின்றார். சோதித்தால் தண்ணீரில் மலக்கிருமி. 1987இல் அதே வேலை ரூஜ் ஆற்றுக்குப் போனது. கறுப்பர்கள் நிறைந்த டெட்ராய்ட், வெள்ளையர்கள் நிறைந்த புறநகர், இரண்டுக்கும் நடுவே ஓடும் ஆறு அது. 1989இல் 'கிரீன்' என்ற உலக ஆறுகள் கல்வி வலையமைப்பு உருவானது. வீட்டுக்கு வீடு இணையம் வராத காலத்திலேயே, பல நாட்டுப் பிள்ளைகள் தங்கள் ஆற்றின் கணக்கைக் கணினி வழியே பரிமாறிக்கொண்டார்கள்.

சோதனைகள் ஒன்பது. கரைந்த ஆக்சிஜன், மலக்கிருமி, அமில காரத் தன்மை, உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, வெப்பநிலை மாற்றம், பாஸ்பேட், நைட்ரேட், கலங்கல், மொத்தத் திடப்பொருள். எல்லாவற்றையும் சேர்த்து நூற்றுக்கு இவ்வளவு என்று ஆற்றுக்கு மார்க் போடுவார்கள்.

நல்ல வேலைதான். ஆனா இந்த ஒன்பதுல ஒண்ணு இல்லையே? இந்தத் தண்ணியை யார் தொடலாம், யார் தொடக்கூடாது?

அண்ணல் அம்பேத்கர் பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது குழாயைத் தொட முடியாது. பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் இல்லாத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டும். அந்தப் பிள்ளை வளர்ந்து 1927 மார்ச் 20 அன்று மகத் நகரின் சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கான மக்களோடு இறங்கித் தண்ணீர் குடித்தார். பிறகு சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள்? குளத்தைச் 'சுத்தம்' செய்வதாகச் சொல்லி, சாணியும் மூத்திரமும் பாலும் தயிரும் கலந்து 108 குடம் ஊற்றினார்கள்! மலக்கிருமிச் சோதனை அன்னிக்குக் கையில இருந்திருந்தா, தீட்டு எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சிருக்கும்.

அமெரிக்காவிலும் தண்ணீருக்கு நிறம் உண்டு. அதே மிச்சிகனில் கறுப்பர்கள் பாதிக்கும் மேல் வாழும் ஃபிளின்ட் நகருக்கு, 2014 ஏப்ரலில், செலவைக் குறைக்க ஃபிளின்ட் ஆற்று நீரைத் திருப்பிவிட்டார்கள். அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்கவில்லை. குழாயிலிருந்து ஈயம் கரைந்து பிள்ளைகளின் ரத்தத்தில் ஏறியது. கார் உதிரிபாகம் துருப்பிடிக்குதுன்னு ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை அந்த அக்டோபரிலேயே தண்ணியை மாத்திக்கிச்சு. மக்களுக்கு மாற்ற இன்னும் ஒரு வருஷம் ஆனது. அதுவும் தாய்மார்கள் வீடு வீடாக மாதிரி எடுத்து, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் சோதிக்க வைத்த பிறகுதான்.

நம் பக்கம் வாங்க. 2022 டிசம்பர், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல். பிள்ளைகளுக்கு நோய் வந்த பிறகுதான் தொட்டிமேல் ஏறிப் பார்த்தார்கள். தண்ணீரில் மலம். 2025 ஜனவரியில் அதே தலித் மக்களில் மூன்று பேர்மீதே குற்றப்பத்திரிகை. மக்கள் அதை ஏற்கவில்லை.

அதனால தம்பி, சேருங்க. ஒன்பது சோதனையையும் நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும். கையில் அளவு இருந்தால் அதிகாரி "தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்று மழுப்ப முடியாது. ஊர்த் தொட்டியிலும் சேரித் தொட்டியிலும் ஒரே நாளில் மாதிரி எடுங்கள். தேதி, நேரம் எழுதுங்கள். தொட்டி எப்போது கழுவப்பட்டது, யார் கழுவினார், குழாய் எந்தத் தெருவோடு நின்றது, எல்லாவற்றையும் எழுதுங்கள். அதுதான் பத்தாவது சோதனை. அதையும் சேர்த்து அந்தப் பள்ளிக்கு அனுப்புங்கள். "உங்க ஊர்ல கெட்ட தண்ணி யார் வீட்டுக்குப் போகுது?" என்று திருப்பிக் கேளுங்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் வரும்போதுதான் அது பரிமாற்றம். அதுவரைக்கும் வெறும் சுற்றுலா.